ஊர்ப்பெயர் மாற்றமும் ஊர்க்குரியோரும்

ஊர் என்னுஞ் சொல் நிலத்தையும் உணர்த்தும். அந்நிலத்து வாழ்வாரையும் உணர்த்தும். "ஊர் உறங்கிற்று" என்றால், உறங்கியது மண்ணன்று, மனைகளுமன்று, அம்மனைகளிலுள்ள மாந்தரே. இதனை நம் இலக்கணநூலார் இடவாகுபெயர் என்பர். இவ்வாகுபெயரில் ஒரு நுட்பம் உண்டு. ஊர் உறங்கிற்று என்புழி, அவ்வூரிற் பிறந்தார் மாத்திரம் உறங்கினர், வந்து குடியேறினார் உறங்கிற்றிலர் என்று பொருள் கொள்வார் ஒருவருமிலர். அங்கே இருப்பார் எல்லாரையும் அச்சொல் தழுவிக்கொள்ளும்.

இலக்கணம் இங்ஙனம் விரித்துத் தழுவிய ஊர்ப்பெயரை அரசியல் சிலபொழுது சுருக்கிவிடுகின்றது. "இப்பெயர் எம்முடையது; ஆதலால் இவ்வூர் எம்முடையது; ஆதலால் நீவிர் அயலார்" என மூன்று படியாக ஏறும் வாதம் ஒன்று பல தேயங்களிலும் கேட்கப்படுகின்றது. முதற்படி உண்மையாதல் கூடும். அதனின்று இரண்டாவது பிறக்குமோ, இரண்டாவதினின்று மூன்றாவது பிறக்குமோ என்று ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து. ஆராய்ச்சிக்கு இடமாகப் பாரதநாட்டின் இரு பெருந் துறைமுகநகரங்களை எடுத்துக்கொள்வாம். ஒன்று மும்பை, மற்றொன்று சென்னை. இரண்டும் அயலார் ஆட்சியில் வளர்ந்தவை. இரண்டும் நெடுங்காலம் இரட்டைப்பெயர் பூண்டவை. இரண்டும் ஓராண்டு இடையிட்டுப் பெயர் மாறியவை.

பம்பாயும் மும்பையும்

இன்று ஒரே நகராய்த் தோன்றும் மும்பை முற்காலத்தில் ஏழு சிறு தீவுகளாய்க் கிடந்தது. அத்தீவுகளிற் பழங்குடிகளாய் இருந்தோர் கோலியர் எனப்படும் மீன்பிடிகாரர். அவர் வழிபட்ட அம்மை மும்பாதேவி. மராத்தி மொழியில் ஆயி என்பது தாய். மும்பா, ஆயி என்னும் இரு சொற்களும் கூடி மும்பை ஆயின என்பது பலரும் ஒப்பிய கொள்கை. தமிழிலும் தாயை ஆய் என்றும் ஆயி என்றும் வழங்குதலுண்டாதலால், இப்பெயரின் பொருள் நமக்கும் அணித்தேயாம்.

1534ஆம் ஆண்டிலே கூர்ச்சரத்துச் சுலுத்தானாகிய பகதூர்ஷா இத்தீவுகளைப் போர்த்துக்கேயருக்கு விட்டுக்கொடுத்தான். 1661இல் போர்த்துக்கேய அரசகுமாரி கத்தரீனை இங்கிலாந்தரசன் இரண்டாஞ் சார்ள்சு மணஞ்செய்யும் உடன்படிக்கையில் இவை சீதனப்பொருளாயின. 1668இல் அவ்வரசன் இவற்றை ஆண்டொன்றுக்குப் பத்துப் பவுண் குத்தகைக்குக் கிழக்கிந்திய வணிகசங்கத்தாருக்கு அளித்தான். போர்த்துக்கேயர் வழங்கிய உச்சரிப்பினின்றும் ஆங்கிலேயரின் பம்பாய் பிறந்தது. அதுவும் மும்பா என்னும் உள்ளூர்ச்சொல்லின் திரிபே என்பது அறிஞர் பலரது துணிபு. எனவே பம்பாய், மும்பை என்பன இரண்டும் ஒரு தாயின் பெயரை இருவேறு நாக்கள் உச்சரித்தமையால் வந்த வேற்றுமை என்று கொள்ளுதல் பொருந்தும். மராத்தியரும் கூர்ச்சரரும் மும்பை என்றே சொல்லிவந்தனர். இந்தி பேசுவோர் பம்பயி என்றனர். ஆங்கிலத்திலும் தமிழிலும் பம்பாய் வழங்கிற்று.

இந்நகரை ஆக்கினவர் யாவர்? வணிகஞ் செய்து பொருள் குவித்தோருட் பார்சிகள், கூர்ச்சர வணிகர், போராக்கள், கோசாக்கள், மேமன்கள், பகுதாதிலிருந்து வந்த யூதர் எனப் பலர் இருந்தனர். 1853ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதற் பிரயாணிகள் புகைவண்டி ஓடிற்று. அடுத்த சில ஆண்டுகளிற் பஞ்சாலைகள் எழுந்தன. அவ்வாலைகளில் உழைத்தோரிற் பெரும்பாலார் கொங்கணத்தினின்றும் தக்கணத்தினின்றும் வந்த மராத்தியர். தாராவியிலே தோல்பதனிடுந் தொழிலில் அமர்ந்தோருள் திருநெல்வேலிச் சீமைத் தமிழர் பலர். மாதுங்காவிலே தென்னாட்டு எழுதுவினைஞரும் ஆசிரியரும் குடிபுகுந்தனர். ஆகவே, கடல்தூர்த்து ஏழு தீவை ஒன்றாக்கிய காலந்தொட்டு அந்நகர் வந்தேறிகளின் கைவேலையாகவே வளர்ந்தது. கோலியர் ஒழிந்த ஏனையோர் எல்லாரும் ஏதேனும் ஒரு திசையினின்று வந்தவரே.

நகர் யாருக்கு என்ற வழக்கு

பாரதம் சுதந்திரம் பெற்றபின் மொழிவாரியாக மாகாணங்களை வகுக்குங் கேள்வி எழுந்தது. பம்பாய் நகரிலே மராத்தி பேசுவோர் வேறெம்மொழியாரினும் மிக்கவராயினும், மொத்தமக்களுட் பாதிக்குக் குறைந்தவர். பொருளும் ஆலையும் கூர்ச்சரர், பார்சிகள் முதலியோர் வசத்தன. உழைப்போ மராத்தியர் வசத்தது. "பணமிட்டவர்க்கா, உடலுழைத்தவர்க்கா நகர்?" என்பதே அந்நாளைய வழக்கு. 1956ஆம் ஆண்டு தொடக்கத்திலே நகரை மத்திய அரசே நேரில் ஆளும் என்ற அறிவிப்பு வந்தபோது கலகம் மூண்டது. அவ்வியக்கத்தின் காலத்திலே பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானோர் நூற்றுக்கு மேற்பட்டவர். 1960ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் மகாராட்டிரமும் குசராத்தும் தனித்தனி மாகாணங்களாயின. பம்பாய் மகாராட்டிரத்தின் தலைநகராயிற்று.

அவ்வியக்கத்தை நாம் குறைகூறுதற்கில்லை. ஒரு மொழியார் தம் நாட்டின் நடுவிலுள்ள நகரைத் தம் மாகாணத்தோடு சேர்க்க வேண்டுதல் நியாயமே. அன்றியும், அவ்வியக்கத்திலே பொதுவுடைமையாளரும், சமவுடைமையாளரும், ஒடுக்கப்பட்ட குலத்தாரும், முசுலிம்களும் ஒருங்கு நின்றனர். அதன் பாட்டுக்களை ஊரூராய்ப் பாடிய பெரும் பாவலருள் அண்ணாபாவு சாட்டே ஒடுக்கப்பட்ட குலத்தில் வந்தவர். அமர் சேக் முசுலிம் குலத்தில் வந்தவர். நகர் மராத்திநாட்டைச் சேர்ந்தது என்று அவர் பாடினார். மராத்தியரல்லாதார் நகரை விட்டுப் போகவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கை அன்று. இவ்வேறுபாட்டை வாசகர்கள் உள்ளத்திற் கொள்க. மேல் வருவன அனைத்திற்கும் இதுவே அளவுகோல்.

1966ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள் பால் தாக்கரே என்பவர் சிவசேனை என்னுங் கட்சியைத் தொடங்கினார். ஈண்டுச் 'சிவ' என்பது நம் பெருமானைக் குறித்ததன்று. மராத்திய வேந்தனாகிய சிவாஜியைக் குறித்தது. மாகாணம் கிடைத்தும் மராத்தி இளைஞருக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அக்கட்சிக்கு வித்தாயிற்று. அவர் நடாத்திய பத்திரிகையிலே நகரின் பெருங் கம்பெனிகளில் உள்ள தென்னாட்டு உத்தியோகத்தரின் பெயர்கள் வரிசை வரிசையாக வெளியிடப்பட்டன. தென்னாட்டார் நடாத்திய உணவுச்சாலைகள் தாக்கப்பட்டன. கன்னடர், மலையாளிகள், தெலுங்கர், தமிழர் ஆகிய நால்வரும் அங்கே 'மதராசி' என்னும் ஒற்றைப்பெயராற் சுட்டப்பட்டனர். அவருட் பலர் மதராசு நகரைக் கண்ணாலும் கண்டிலர். ஓர் ஊர்ப்பெயர் அவ்வூரொடு தொடர்பில்லாத மாந்தர்மேல் இழிசொல்லாக ஏற்றப்பட்ட விந்தை இது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைத் தொகுத்து நோக்குவாம். 1992ஆம் ஆண்டு திசெம்பரிலும் 1993ஆம் ஆண்டு சனவரியிலும் நகரிலே பெருங் கலகம் நிகழ்ந்தது. அதனை ஆராய்ந்த நீதிபதி சிறீகிருட்டிணா ஆணைக்குழுவின் கணக்குப்படி இறந்தோர் 900 பேர்; அவருள் 575 பேர் முசுலிம்கள், 275 பேர் இந்துக்கள்; எஞ்சியோர் அடையாளந் தெரியாதாரும் பிறரும். அவ்வறிக்கை சிவசேனைத் தலைவர்களையும் பொறுப்பாக்கிற்று. 1993ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களில் 257 பேர் மாண்டனர். பின்னர் 2008இல், சிவசேனையினின்று பிரிந்த வேறொரு கட்சியார் வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த வாடகைக்கார் ஓட்டிகளையும், புகையிரத உத்தியோகப் பரீட்சைக்கு வந்த இளைஞரையும் அடித்துத் துரத்தினர். தென்னாட்டார், முசுலிம்கள், வடநாட்டார் என அயலார் என்னும் பெயரைச் சுமப்போர் மாறிமாறி வந்தனர். அச்சொல் ஒருநாளும் வேலையின்றி இருந்ததில்லை. இன்று அயலானைச் சுட்டும் விரலின் பக்கத்தில் நிற்பவன் நாளை அவ்விரலின் எதிரில் நிற்றல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1995ஆம் ஆண்டு மார்ச்சிலே சிவசேனையும் பாரதிய சனதாக் கட்சியும் கூடி அரசமைத்தன. அவ்வாண்டிலேயே நகரின் பெயர் எம்மொழியில் எழுதினும் மும்பை என்றே எழுதப்படவேண்டுமென்று மாற்றப்பட்டது. 1996இல் விக்டோரியா நிலையம் சிவாஜி நிலையமாயிற்று. மும்பை என்னும் பெயர் பிழையானதன்று, அது பழம்பெயர், கோலியர் தாயின் பெயர். ஆயினும், கலகம் நிகழ்ந்து மூவாண்டு கழியாமுன், அக்கலகத்தின் பொறுப்பினின்று நீங்காத கட்சி ஒன்று அதனை இட்டபோது, நகரத்தார் பலர் காதில் அது தாயின் பெயராக விழுந்திலது. "இனி இவ்வூர் யாருடையது என்று தெரிந்துகொள்" என்ற அறிவிப்பாக விழுந்தது. நல்ல சொல்லும் சொல்லுவோனால் வேறுபொருள் பெறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

சென்னபட்டணத்து வரலாறு

இனிச் சென்னையை நோக்குவாம். 1639ஆம் ஆண்டிலே பிரான்சிசு டே என்னும் ஆங்கில வணிகர் கடற்கரையிற் சிறிது நிலத்தைத் தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து பெற்றார். நாயக்கரின் தந்தையார் சென்னப்ப நாயக்கர். அவர் பெயராற் சென்னபட்டணம் என்னும் பெயர் வந்தது என்பதே பெரிதும் வழங்குங் கொள்கை. மதராசபட்டணம் என்பது அவ்விடத்து இருந்த மற்றோர் ஊரின் பெயர். அதன் பிறப்பைப்பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். ஆங்கிலேயர் மதராசு என்றனர். தமிழர் சென்னபட்டணம் என்றும் சென்னை என்றும் வழங்கினர். நம் ஆறுமுகநாவலர் அவர்கள் அங்கே அச்சிடுவித்த நூல்களின் முகப்பிலும் சென்னபட்டணம் என்றே காண்கின்றோம். ஆகவே, 1996ஆம் ஆண்டு தமிழக அரசினர் மதராசு என்பதை நீக்கிச் சென்னை என்று விதித்தபோது புதுப்பெயர் ஒன்றைப் படைத்தாரல்லர்; தமிழர் நாவிலிருந்த பெயரை ஆங்கில ஏட்டிலும் ஏற்றினர்.

ஆயினும் இங்கு ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. தமிழ்ப்பெயர் என்று நாம் மகிழ்ந்து ஏற்ற சென்னை, மேற்கூறிய கொள்கைப்படி, தெலுங்கு பேசிய நாயக்கர் ஒருவரின் தந்தைபெயர். 1952ஆம் ஆண்டிலே ஆந்திரர் தமக்குத் தனிமாகாணம் வேண்டினர். மதராசு நகரும் அதற்கு உரியது என்றனர். பொட்டி சிறீராமுலு அந்நகரிலேயே உண்ணாவிரதமிருந்து திசெம்பர் 15ஆம் நாள் உயிர்நீத்தார். தமிழர் பக்கத்திலே ம. பொ. சிவஞானம் முதலியோர் நகரைக் காக்கக் கிளர்ந்தனர். 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திரமாகாணம் மதராசு நகரின்றியே பிறந்தது. நகர் தமிழர்பால் நின்றது. நகரின் தெலுங்கரும் நகரிலேயே நின்றனர். அவர் வீட்டை விட்டு ஏகவேண்டிற்றிலர். நாற்பத்துமூன்று ஆண்டு கழித்து நகர் பூண்ட பெயரிலே அவர் மொழியின் வரலாறும் அடங்கியிருந்தது. வழக்கில் வென்றவர் தோற்றவரின் நினைவையும் பெயரிற் சுமந்துகொண்டமை ஒருவகை நீதியே.

அந்நகரிலே வேறொரு பெயர்மாற்றமும் உண்டு. கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் பட்டணம் எனவும், வெளியே நம்மவர் வாழ்ந்த பகுதி கறுப்பர் பட்டணம் எனவும் ஆங்கிலேயராற் பெயரிடப்பட்டன. பிரெஞ்சுக்காரர் 1758, 1759ஆம் ஆண்டுகளில் முற்றுகையிட்ட பின்னர், கோட்டையின் எதிரே வெளி இருத்தல் வேண்டுமெனக் கருதிப் பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்தனர்; குடிகள் வடக்கே தள்ளப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அப்பகுதி சோர்ச் அரசன் பெயராற் சோர்ச் டவுண் ஆயிற்று. இகழ்ச்சிப்பெயர் ஒழிந்தது நன்றே. ஆனால் கடையும் தெருவும் கழிவுநீரும் முன்போலவே இருந்தன. பெயர் மாறுதல் வேறு, வாழ்வு மாறுதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இன்னும், திருமயிலை, திருவான்மியூர், திருவொற்றியூர் ஆகிய தேவாரத்தலங்கள் ஆங்கிலக் கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. அவை நகரின் வயிற்றுட் புகுந்தும் தம் பெயரை இழந்தில. எவ்வரசினரும் சட்டமியற்றி அப்பெயர்களைக் காத்தாரல்லர். நாடோறும் அங்கே சென்று வணங்குவோர் நாவே அவற்றைக் காத்தது.

பிறதேயத்துச் சான்றுகள்

கொன்சுதாந்தினோப்பிள் நகரைத் துருக்கியர் 1453இல் வென்றனர். 1930இல் துருக்கி அரசு இசுதாம்புல் என்னும் பெயரையே அஞ்சலில் எழுதவேண்டுமென்று வற்புறுத்திற்று. அச்சொல்லோ "நகருக்கு" என்று பொருள்படும் கிரேக்கத் தொடரின் திரிபு. பெயர் கிரேக்கரதாயிருந்தும் அந்நகர்க் கிரேக்கருக்கு அது காவலாயிற்றிலது. 1955ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் கடைகளும் கோயில்களும் தாக்கப்பட்டன. 1964இற் பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். கோனிக்சுபெர்க்கு என்னும் செருமானிய நகர், தத்துவஞானியாகிய காந்து பிறந்து வாழ்ந்து அடக்கமான ஊர், 1945இல் உருசியர் வசப்பட்டு, 1946இற் கலினின்கிராது ஆயிற்று. எஞ்சிய செருமானியரும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அகற்றப்பட்டனர். அங்கே பெயரும் மாந்தரும் ஒருங்கே மாற்றப்பட்டன.

இதற்கு மறுதலையாக, செயின்று பீற்றர்சுபேர்க்கு 1914இல் பெத்ரோகிராது, 1924இல் லெனின்கிராது, 1991இல் மீண்டும் பழம்பெயர் என மும்முறை மாறிற்று. கடைசி மாற்றத்திற்கு நகரத்தாரிடமே வாக்குக் கேட்கப்பட்டது. லெனின்கிராது என்னும் பெயரோடு உலகப்போரின் கொடிய முற்றுகையைப் பொறுத்தவர்கள் பழம்பெயரை விரும்பினோர்க்கு அயலவட்டாரத்தினர் அல்லர். ஒரே வீட்டிலும் இரு பக்கத்து வாக்கும் இருந்தது. பெயர்பற்றி மாறுபட்டோர் குடிமையில் மாறுபட்டாரல்லர்.

ஆசங்கையும் விடையும்

இங்கே மூன்று ஆசங்கைகள் எழும்.

"அயலார் இட்ட பெயரைக் களைதல் அடிமைக்குறியைக் களைதலன்றோ? அதனைக் குற்றமென்பதென்னை?" எனின், குற்றமென்று யாம் கூறிற்றிலம். தம் ஊரைத் தம் நாவால் அழைத்தல் ஒரு மக்களுக்கு இயல்பான உரிமை. மதராசு மாகாணம் தமிழ்நாடு என்று பெயர்பெற வேண்டுமென 1956இல் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் வேண்டுகோள் எவரையும் ஊரினின்று போக்கவில்லை. 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அது நிறைவேறியபோது ஒரு குடியும் உரிமை இழக்கவில்லை. யாம் மறுப்பது, பெயரை வாயிற்கதவாக்கி உள்ளாரையும் புறத்தாரையும் பிரித்தலையே.

"அற்றேல், முன்வந்தவர்க்கு ஊரில் மிகுந்த உரிமை உண்டு என்பது நியாயமன்றோ?" எனின், அந்நியாயத்தை முற்றச் செலுத்திப் பார்க்க. மும்பையில் முன்வந்தோர் கோலியர். அங்ஙனமாயின் கொங்கணத்தாரும் தக்கணத்தாரும் பின்வந்தோரேயாவர். பெயர் தம் அம்மையதாயிருந்தும், கோலியர் இன்றும் கோலிவாடை எனப்படும் சிறு குடியிருப்புக்களில், கடலோரத்து உயர்கட்டடங்களுக்கு நடுவே, தம் நிலத்திற்கும் மீன்றுறைக்கும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர். முன்வந்தார் உரிமை என்று முழங்கினோர் அம்முழக்கத்தின் பயனை முன்வந்தார்க்குக் கொடுத்திலர். ஆகவே முந்துதல் என்பது சொல்லப்பட்ட காரணமே, மெய்க்காரணம் பிறிது.

"மெய்க்காரணம் யாது? உள்ளூர் இளைஞர் தொழிலிழந்து நிற்றல் பொய்யோ?" எனின், பொய்யன்று. அதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். மும்பை மராத்தியரின் உயிர்நாடி பஞ்சாலைகள். 1982இல் தொடங்கிய பெரு வேலைநிறுத்தத்திலே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத்தொழிலாளர் ஈடுபட்டனர். அது முறிந்தது, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டன. ஆலைநிலங்களில் மாடமாளிகைகளும் அங்காடிகளும் எழுந்தன. தொழிலாளர் பேட்டையாகிய கீழ்ப்பரேல், வீடு விற்போரால் 'மேல் வொர்லி' என்று அழைக்கப்படலாயிற்று. கீழ் மேலாயிற்று, பரேல் வொர்லியாயிற்று. மராத்தித் தொழிலாளன் பிறந்த பேட்டையின் பெயரே விலைக்கு விற்கப்பட்டது. இப்பெயர்மாற்றத்தின் முன் ஊர்ப்பெயர் காக்கும் பெருங்கிளர்ச்சி ஒன்றும் எழுந்திலது. தோசை வார்ப்பவனும் வாடகைக்கார் ஓட்டுபவனும் அவனை ஊரினின்று தள்ளினாரல்லர். நிலத்தின் விலை தள்ளிற்று. காரணம் ஓரிடத்தும் கோபம் பிறிதோரிடத்துமாக நிற்றலே இத்தகைய அரசியலின் இயல்பு.

சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதையுங் காண்க. பாரத அரசியற்சட்டத்தின் 19ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகின்றது. மாகாணத்தின் பெயரை மாற்றுதற்குப் பாராளுமன்றம் சட்டமியற்ற வேண்டும். நகரின் பெயரை மாகாண அரசு மத்திய அரசின் இசைவு பெற்று மாற்றும். குடியிருக்கும் உரிமையோ இவ்விரண்டிலும் அடங்காது வேறாக நிற்கின்றது. சட்டம் இவற்றைக் கலந்திலது; மேடையே கலந்தது. பெயர் எங்கும் ஒருபடித்தாய் மாறவுமில்லை. நகர் மும்பையாகியும் பம்பாய் உயர்நீதிமன்றம் அப்பெயரோடே நிற்கின்றது. சென்னையில் மதராசு உயர்நீதிமன்றமும் அவ்வாறே. 2016இல் இவற்றை மாற்றக் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. அந்நீதிமன்றத்திற்கு வழக்கொடு செல்வோன், பெயர் எதுவாயினும், நீதியையே நாடிச் செல்கின்றான்.

வந்தேறினார்க்குங் கடமை இல்லையோ எனின், உண்டு. தாம் வாழும் ஊரின் மொழியைக் கற்றல், அவ்வூர்ப் பெயரை அவ்வூரார் விரும்பும்வண்ணம் சொல்லப் பழகுதல், அங்கே ஈட்டிய பொருளின் ஒரு பகுதியை அங்கேயே அறத்திற் செலவிடுதல் என்பன அவர்க்குரியன. மும்பையிற் பிறந்து மராத்தியும் தமிழும் ஒருங்கு பேசும் நம்மவர் மக்கள் இக்கடமையை இயல்பாகவே செய்துவருகின்றனர். கடமை இருபாலாரையுஞ் சார்ந்தது. ஒருபாலாரே செய்யவேண்டுமெனின் அது கடமையன்று, கப்பம்.

நாம் கொள்ளத்தக்கன

இதுகாறுங் கூறியவற்றால், ஓரூரின் பெயர்மாற்றம் நன்றோ தீதோ என்று துணிதற்கு மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டுமென்பது பெறப்பட்டது. முதலாவது, அப்பெயர் எங்கிருந்து வந்தது? அங்கே வாழ்வார் நாவிலே முன்னரே வழங்கியதோ, ஆட்சியாளர் புதிதாய்ப் படைத்ததோ? இரண்டாவது, யார் கேட்டனர்? நகரத்தார் கேட்டனரோ, நகரத்தாருள் ஒருசாரார் மற்றொரு சாராரை நோக்கிக் கேட்டனரோ? மூன்றாவது, பெயர்ப்பலகை மாறிய மறுநாள் யாரேனும் வீடோ தொழிலோ வாக்கோ இழந்தனரோ? முதல் வினாவுக்கு மும்பை, சென்னை ஆகிய இரண்டும் நன்கு விடையிறுக்கும். இரண்டாவதினும் மூன்றாவதினுமே அவை தம்முள் வேறுபடும். பெரும்பாலார் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றனர், மூன்றாவதே முதன்மையானது.

இவ்வாராய்ச்சி இலங்கையிலுள்ள நமக்கு அயலன்று. இங்கே ஒவ்வோரூர்க்கும் இருபெயர் வழங்குதலை நாம் அறிவோம். நாம் யாழ்ப்பாணம் என்பதைச் சிங்களர் யாபனய என்பர். திருகோணமலையைத் திரிகுணாமலய என்பர். அவர் மகநுவர, அதாவது பெருநகர், என்று அழைப்பதை நாம் கண்டி என்கின்றோம். கண்டி என்பதோ மலைநாட்டைக் குறித்த சிங்களத் தொடரின் முதற்சொல்லினின்று போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு வந்தது என்பர். அவர் நகரை அவர் சொல்லாலேயே நாம் அழைக்கின்றோம். அவரோ வேறொரு சொல்லால் அழைக்கின்றனர். இதனால் எவர்க்கும் ஒரு குறையுமில்லை. இரண்டு பெயரும் ஒரே புகையிரத நிலையப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும்வரை, இரு மொழியாரும் அங்கே இறங்கலாம் என்பதே அப்பலகையின் பொருள். ஒன்று அழிக்கப்படும் நாளிலேதான் அது வேறு செய்தி சொல்லும்.

ஆதலால், பாடசாலைகளிலே பூமிசாத்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணாக்கருக்குத் தேசப்படத்தில் ஓரூரைக் காட்டும்போது, அதற்கு வழங்கும் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதுவித்தல் நன்று. இன்ன பெயரை இன்னார் வழங்குவர், இன்ன காலத்தே இது வந்தது என்றுஞ் சொல்லிக்கொடுத்தல் நன்று. ஒரு நகரின் பல பெயரையும் அறிந்த சிறுவன், அவற்றுள் ஒன்றைச் சொல்லும் அயல்வீட்டானை அயலானென்று எண்ணான். அவ்வூர் உறங்கிற்று என்னும்போது அவ்வீட்டு விளக்கும் அணைந்ததென்றே அவன் பொருள்கொள்வான்.